"தகுதி இல்லை" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. ஆய்வு மருந்துக்கான விதியை யார் எழுதுகிறார்கள்?

#1 மழைக்குருவி

வணக்கம். எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

அண்ணனுக்கு 46 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. முதலில் கொடுத்த மாத்திரை பதினான்கு மாதம் நன்றாகக் கேட்டது. அப்புறம் நோய் மறுபடி வளர ஆரம்பித்தது, கீமோ தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். புது மருந்து, இரண்டாம் கட்டம், அண்ணனுக்கு இருக்கும் அதே மரபணு மாற்றத்தைக் குறிவைப்பது. ஸ்கேன், பயாப்ஸி அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பினோம். பதில் இரண்டு வரி. மூளையில் சிறிய பரவல் இருக்கிறது, அதற்குக் கொடுத்த ரேடியேஷன் முடிந்து போதிய நாள் ஆகவில்லை, ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே தகுதி இல்லை.

முற்றிய நோய்க்கான மருந்து என்றுதான் சொன்னார்கள். முற்றிய நோய் மூளைக்குப் போகாமல் எங்கே போகும்? இந்த விதியை யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆய்வில் சேராமலே அந்த மருந்தைக் கேட்டு வாங்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 எழில்வாணன்

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் அப்பாவுக்கு நடந்ததும் இதேதான். கணையப் புற்றுநோய். ஆய்வில் சேர பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் கூடும் பொருள்) ஒரு அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, அது இறங்கும் வரை காத்திருந்தோம். இறங்கியது. அதற்குள் ஆய்வில் இடம் நிரம்பிவிட்டது. ஏழே வாரத்தில் அப்பா போய்விட்டார்.

வேறு வழியில்லை என்று டாக்டரே கைவிரித்த பிறகு, ஆபத்தைச் சொல்லித் தடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? உயிர் அவருடையது. முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடுவில் நிற்கக் கூடாது. அமெரிக்காவில் 2018-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 'முயன்று பார்க்கும் உரிமை' என்றே அதற்குப் பெயர்.

#3 கருவேலம்

புற்றுநோய் ஆய்வுகளில் பதினோரு வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். "தகுதி இல்லை" என்று வீட்டாருக்கு ஃபோனில் சொல்கிற ஆள் நான்தான். அதனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மழைக்குருவி, அந்த விதியை அரசு எழுதுவதில்லை. மருந்தை உருவாக்கும் நிறுவனமும் ஆய்வை வடிவமைக்கும் மருத்துவர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். அதற்குப் பெயர் புரோட்டோகால். கட்டுப்பாட்டுத் துறையும், நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவும் அதைப் படித்து ஒப்புதல் கொடுக்கின்றன. கொடுத்த பிறகு, ஆய்வை நடத்தும் மருத்துவரே நினைத்தாலும் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.5 வரை என்று எழுதியிருந்தால் 1.6 உள்ளவரைச் சேர்ப்பது விதிமீறல் என்றே பதிவாகும்.

காரணம் இல்லாமல் எழுதுவதில்லை. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தை, சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கொடுத்தால் உடம்பில் தேங்கும். மூளையில் இருக்கும் கட்டி வீங்கினால் வலிப்பு வரலாம். அது மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஸ்டீராய்டு வீக்கத்தை மறைத்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தாக இருந்தால் அதன் வேலையையே ஸ்டீராய்டு கெடுக்கக்கூடும். முந்தைய கீமோவுக்கும் புது மருந்துக்கும் நடுவில் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் நான் கண்ணால் பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். பல விதிகள் பழைய புரோட்டோகாலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டவை. இந்த மருந்துக்கு இந்த விதி தேவையா என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். மூளைப் பரவல், எச்.ஐ.வி., முன்பு எப்போதோ வந்து குணமான வேறொரு புற்றுநோய், 18 வயதுக்குக் கீழே என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இதைத் தளர்த்த வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோவும், ஃபிரெண்ட்ஸ் ஆஃப் கேன்சர் ரிசர்ச் என்ற அமைப்பும் 2017-ல் பரிந்துரை வெளியிட்டன. 2020-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. அதே திசையில் வழிகாட்டுதல் கொடுத்தது.

தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் டுகாடினிப். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகைக்கான மாத்திரை. அதன் ஆய்வில் சேர்ந்த 612 பேரில் 291 பேருக்கு மூளைப் பரவல் இருந்தது. சிகிச்சை பெறாத பரவலோடு வந்தவர்களும் அதில் உண்டு. வேறு ஆய்வுகளில் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். சேர்த்ததால்தான் அந்த மருந்து மூளையிலும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. 2020 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தபோது மூளைப் பரவல் உள்ளவர்களுக்கும் சேர்த்தே கிடைத்தது.

எழில்வாணன், உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் நடுவில் நின்றது கட்டுப்பாட்டுத் துறை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது டியூட்டிக்குப் போக வேண்டும்.

#4 சுடரொளி

நான் ஓய்வு பெற்ற செவிலி. தொண்ணூறுகளில் புற்றுநோய் வார்டில் இருந்தேன். 'முயன்று பார்க்கும் உரிமை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அந்த வார்டு நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையை முதலில் எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவார்கள். பிறகு, சாதாரணமாகத் தாங்கவே முடியாத அளவுக்குக் கீமோ கொடுப்பார்கள். புற்றுநோயோடு சேர்ந்து உடம்பில் இருக்கும் மஜ்ஜையும் அழியும். அப்புறம் எடுத்து வைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். சிறிய ஆய்வுகளில் முடிவுகள் அருமையாக இருந்தன. ஆனால் அவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. சேர்க்கப்பட்டவர்களும் ஓரளவு திடமாக இருந்தவர்கள்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் இது ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை என்று சொல்லிப் பணம் தர மறுத்தன. வழக்குகள் வந்தன. 1993-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி, மறுத்த நிறுவனம் 8.9 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மறுக்கும் துணிச்சல் குறைந்தது. சில மாநிலங்கள் பணம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டன. கதவு திறந்தது. ஆய்வுக்கு வெளியிலேயே சிகிச்சை கிடைக்கும்போது, சீட்டுப் போட்டு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்யும் ஆய்வில் யார் சேருவார்கள்? உண்மையைச் சொல்லக்கூடிய ஆய்வுகள் ஆளில்லாமல் வருடக்கணக்கில் இழுத்தன.

1999-ல்தான் முடிவுகள் வந்தன. சாதாரண கீமோவை விட ஆயுள் கூடவில்லை. பலன் உண்டு என்று காட்டியது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு மட்டும்தான். 2000-ல் ஆட்கள் நேரில் போய்ப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது அது மோசடி என்று தெரிந்தது. அதற்குள் 30,000-க்கும் அதிகமான பெண்கள் அந்தச் சிகிச்சையைத் தாங்கியிருந்தார்கள்.

வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல், கண்ணாடி அறைக்குள் தனியாகக் கிடந்தவர்களைக் கவனித்துக்கொண்டவள் நான். குழந்தைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பார்கள். சிலர் அந்த அறையை விட்டு வெளியே வரவே இல்லை. இன்னும் சில மாதம் வீட்டில் இருந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். எழில்வாணன் தம்பி, "சாகப்போகிறவருக்கு இழக்க என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அவர்களுக்கும் இழக்க நாட்கள் இருந்தன.

#5 எழில்வாணன்

அக்கா, இது எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அப்பாவின் விஷயத்தில், ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள அவர் தயாராக இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

#6 ஆதிரை

சுடரொளி அம்மா சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. நோயாளிகள் சண்டை போட்டதால்தான் பல கதவுகள் திறந்தன.

தாலிடோமைடு மாத்திரையால் கைகால் வளராத குழந்தைகள் பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1962-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. மருந்து ஆபத்தில்லாதது என்று காட்டினால் மட்டும் போதாது, பலன் தருகிறது என்றும் நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் நிரூபிக்க வருடங்கள் ஆகும். எய்ட்ஸ் வந்தபோது அந்த வருடங்கள் யாரிடமும் இல்லை. 1988 அக்டோபரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' அமைப்பினர் எஃப்.டி.ஏ. தலைமையகத்தையே முற்றுகையிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் ஒப்புதல் பெறாத மருந்தை ஆய்வுக்கு வெளியே கொடுக்கும் விதி வந்திருந்தது. 1992-ல், முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் ஆரம்பச் சான்றை வைத்தே அனுமதிக்கும் விரைவு ஒப்புதல் முறை வந்தது. இன்று பல புற்றுநோய் மருந்துகள் அந்த வழியில்தான் வருகின்றன. நோயாளிகள் பேசாமல் இருந்திருந்தால் இவை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயால் 2001-ல் 21 வயதில் இறந்த மகளின் பெயரில் ஒரு தந்தை தொடங்கிய அமைப்பு 'அபிகெய்ல் அலையன்ஸ்'. வேறு வழியில்லாத நோயாளிக்கு, முதல் கட்ட ஆய்வைத் தாண்டிய மருந்தைப் பெறுவது அரசமைப்புச் சட்ட உரிமை என்று வாதிட்டார்கள். 2006-ல் மூன்று நீதிபதிகள் அமர்வில் ஜெயித்தார்கள். 2007-ல் முழு அமர்வு 8-க்கு 2 என்று மாற்றிவிட்டது. மறு வருடம் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. அந்த மகளுக்காகக் கேட்ட செடுக்ஸிமாப் என்ற மருந்து அவள் நோய் வகைக்கே 2006-ல் ஒப்புதல் பெற்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

#7 கருவேலம்

காலையில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆய்வில் சேர முடியாதவர் மருந்தைக் கேட்டு வாங்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது. கருணை அடிப்படை என்பார்கள், விரிவாக்கப்பட்ட அணுகல் என்பார்கள். பிரான்சில் 1994-லிருந்தே முறையாக நடக்கிறது. அமெரிக்காவில் தனி நோயாளிக்காக ஒரு மருத்துவர் விண்ணப்பித்தால், எஃப்.டி.ஏ. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அனுமதிக்கிறது. அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி உண்டு. 2016-ல் படிவத்தையும் சுருக்கிவிட்டார்கள். புற்றுநோய் மருத்துவர்களுக்கு உதவ 2019-ல் தனி உதவி மையமும் தொடங்கினார்கள்.

அப்படியானால் தடை எங்கே? நிறுவனம் மருந்தைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எஃப்.டி.ஏ.வுக்குக் கிடையாது. 2018 சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அது முக்கியமாக எஃப்.டி.ஏ. அனுமதி தேவை என்பதைத்தான் நீக்கியது. அனுமதி கிடைக்காமல் நின்றவர்கள் மிகச் சிலரே என்பதால், அந்தச் சட்டத்தின் வழியில் மருந்து பெற்றவர்களும் குறைவு.

நிறுவனம் ஏன் மறுக்கும்? சில நேரம் மருந்தே அவ்வளவுதான் இருக்கும். ஆய்வுக்கென்று அளந்து தயாரித்த சிறு அளவு. வெளியே கொடுத்தால் ஆய்வில் ஆள் சேருவது குறையும் என்ற பயம். சுடரொளி அம்மா சொன்ன கதை நடந்த பிறகு அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் பதிலே போடாமல் இருக்கும் நிறுவனங்களை என்னால் மன்னிக்க முடியாது. மறுப்பதானாலும் மூன்று நாளில் மறுக்க வேண்டும். குடும்பம் அடுத்த வழியைப் பார்க்கும்.

இன்னும் பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோயாளிகள் 8,883 பேரைப் பற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 55.6 சதவீதம் பேருக்கு, அவர்கள் சிகிச்சை பெற்ற இடத்தில் பொருந்தும் ஆய்வே இல்லை. 21.5 சதவீதம் பேர் தகுதி விதியில் கழிந்தார்கள். கடைசியில் சேர்ந்தவர்கள் 8.1 சதவீதம். நம் கோபமெல்லாம் கடைசிக் கதவின் மீது இருக்கிறது. பெரும்பாலானோர் முதல் கதவு இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள்.

#8 மழைக்குருவி

கருவேலம் அவர்களே, மிக்க நன்றி. கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. மாத்திரை வேலை செய்யாமல் போன அன்றே ஆய்வைப் பற்றி நாங்கள் கேட்டிருந்தால்? அப்போது மூளையில் ஒன்றும் இல்லை. கீமோவும் தொடங்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஆய்வு என்றால் எல்லாம் முடிந்த பிறகு போகும் இடம் என்றுதான் நினைத்திருந்தோம்.

#9 கருவேலம்

உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதை உங்களிடம் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள். நானே எத்தனையோ டாக்டர்களிடம் மன்றாடியிருக்கிறேன், அடுத்த சிகிச்சையைத் தொடங்கும் முன் ஒரு ஃபோன் போடுங்கள் என்று. முன்பு எத்தனை சிகிச்சை பெற்றார் என்பதற்கும் புரோட்டோகாலில் வரம்பு உண்டு. ஒவ்வொரு புது கீமோவும் சில ஆய்வுகளின் கதவை மூடுகிறது.

இப்போது செய்யக்கூடியது இது. "தகுதி இல்லை" என்ற இரண்டு வரியோடு விடாதீர்கள். எந்த விதி எண், என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் டாக்டர் மூலமாகக் கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது நிரந்தரமான "இல்லை" மாதிரி தெரியவில்லை. ரேடியேஷன் முடிந்து இத்தனை வாரம், ஸ்டீராய்டு நின்று இத்தனை நாள், அப்புறம் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் வளர்ச்சி இல்லை என்றால் சேரலாம் என்ற வகை விதியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கிரீனிங்கில், அதாவது தகுதிச் சோதனையில், கழிந்தவரை மறுபடி ஸ்கிரீன் செய்யப் பல புரோட்டோகால்கள் இடம் கொடுக்கின்றன. எத்தனை இடம் மீதி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கூடவே, அதே மருந்தின் வேறு ஆய்வில் மூளைப் பரவல் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்றால் கருணை அடிப்படையில் உங்கள் டாக்டர்தான் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், குடும்பம் எழுதினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆய்வில் சேர்வதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூளை வீங்கிவிடும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

#10 நெடுவழி

நான் நோயாளி. முதல் கட்ட ஆய்வு ஒன்றில் ஐந்து மாதமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் உள்ளே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் கட்ட ஆய்வின் முதல் வேலை சரியான அளவைக் கண்டுபிடிப்பது. குணமாக்குவது அதற்குப் பிறகுதான். ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் படிக்கும்போது கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் திட்டத்தில் 2000 முதல் 2019 வரை நடந்த முதல் கட்ட ஆய்வுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் கட்டி சுருங்கியவர்கள் 9.6 சதவீதம், கடைசி வருடங்களில் 18 சதவீதம். சிகிச்சையாலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரை விடக் குறைவு. கூடியிருப்பது நல்ல செய்தி. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்குச் சுருங்கவில்லை.

முதல் மாதம் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தேன். ஒரே நாளில் எட்டுத் தடவை ரத்தம் எடுப்பார்கள். இரண்டு பயாப்ஸி, எனக்காக அல்ல, அவர்களுக்காக. இதையெல்லாம் தெரிந்துதான் சேர்ந்தேன், வருத்தமில்லை. என் கட்டி வளரவில்லை, சுருங்கவும் இல்லை.

மழைக்குருவி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அண்ணனிடம் கேட்டீர்களா? என் வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்தார்கள்.

#11 சுடரொளி

நெடுவழி, நன்றாக இருங்கள். உங்களைப் போன்றவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் நாங்கள் வார்டில் கொடுத்த ஒவ்வொரு மருந்தும் வந்தது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. விதிகளின் சந்து பொந்தில் புகுந்து, ஆய்வு என்ற பெயரைச் சொல்லிப் பெரும் தொகை கேட்கும் இடங்கள் உண்டு. முறையான ஆய்வில் பொதுவாக ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். ஆய்வு பொதுப் பதிவேட்டில் இருக்கும், நெறிமுறைக் குழுவின் பெயர் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். இவை இல்லாத இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

#12 மழைக்குருவி

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கருவேலம் அவர்கள் சொன்னபடி எங்கள் டாக்டர் விதியைக் கேட்டு வாங்கினார். ரேடியேஷன் முடிந்து நான்கு வாரம், ஸ்டீராய்டு நின்று இரண்டு வாரம், எம்.ஆர்.ஐ.யில் வளர்ச்சி இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மறு ஸ்கிரீனிங்குக்கு இடம் உண்டு. அந்த இரண்டு வரிப் பதிலில் இதையும் எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் எத்தனையோ இரவு தூங்கியிருப்போம். ஸ்டீராய்டை டாக்டர் குறைத்துக்கொண்டே வந்து போன வாரம் நிறுத்தினார். தலைவலி இதுவரை இல்லை. எம்.ஆர்.ஐ. அடுத்த வாரம். ஆய்வில் இன்னும் சில இடம்தான் இருக்கிறதாம்.

நெடுவழி, அண்ணனிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால், அதுவரை கேட்கவே இல்லை. படிவத்தைக் கொடு என்று வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் பென்சிலோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தார். சேர வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஓரத்தில் நான்கு இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மூன்றுக்கு டாக்டர் பதில் சொல்லிவிட்டார். நான்காவது இது: மருந்து எனக்கு வேலை செய்து, ஆய்வு முடிந்துபோனால், அதற்கப்புறமும் கொடுப்பார்களா?

#13 கருவேலம்

உங்கள் அண்ணன் சரியான இடத்தில் பென்சில் வைத்திருக்கிறார். ஆய்வு முடிந்த பிறகு பலன் பெறுகிறவருக்கு மருந்து தொடர ஏற்பாடு வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளின் நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனமே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி எழுதும். சிலர் தொடர்ச்சி ஆய்வு வைத்துக் கொடுப்பார்கள், சிலர் மழுப்பலாக ஒரு வரி எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் ஆய்வு மருத்துவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. முடிவு வந்ததும் இங்கே சொல்லுங்கள்.